கோழிக்கோட்டின் பழைய கட்டடங்களைக் கட்டியவர் யார்: சாமூதிரியா, கப்பல்காரர்களா?

கோட்டாற்றுக்காரன் எழுதியது:

சென்ற மாதம் நாகர்கோவிலிலிருந்து இரயிலேறிக் கோழிக்கோட்டுக்குச் சென்றிருந்தேன். குற்றிச்சிறக் குளக்கரையில் உள்ள மிஸ்கால் பள்ளி என்ற பழைய பள்ளிவாசலின் எதிரில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் சரிந்திறங்கும் ஓட்டுக்கூரை, முக்கோண முகப்பு, மரச்சட்டங்களால் ஆன அழிகள். பத்மநாபபுரம் அரண்மனையின் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்து வந்து அந்தக் குளக்கரையில் வைத்ததுபோல் இருந்தது. நம் மாவட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் கூரையைப் பார்த்தவுடன் அந்நிய ஊரில் நிற்கும் உணர்வு போய்விடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பள்ளிக்கு வழங்கும் பெயர் எனக்குப் புதிராக இருந்தது. சுசீந்திரத்தில் ஒரு மண்டபத்தின் முன் நின்றால் இன்ன அரசன் கட்டினான் என்பார்கள். திருவட்டாற்றிலும் அப்படித்தான். இங்கோ பதினான்காம் நூற்றாண்டுக் கப்பல்காரர் ஒருவரின் பெயர் நிற்கிறது. சாமூதிரி என்ற பட்டப்பெயர் கொண்ட அரசர் ஆண்ட பெருநகரில், அவர் கண்ணெதிரே, நகரின் மிக உயரமான கட்டடங்களுள் ஒன்றை ஒரு வணிகர் எழுப்பியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரை அந்த நகரின் கட்டடங்களுக்குப் புரவலர்களாக இருந்தவர்கள் யார்? அரசர் எதைக் கட்டினார், பிறர் எதைக் கட்டினார்கள்? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தேங்கைத்துறை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணமும் பழைய துறைமுகம்தான் என்பதால் இந்தப் பேச்சு எங்கள் வீடுகளில் அடிக்கடி வரும். இக்கடற்கரைக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் மாலிக் தீனார் காலத்துப் பள்ளி என்று எங்கள் ஊர்ப் பள்ளியைச் சொல்வார்கள். அது மரபு வழக்கு, அதை இங்கே சான்றாக வைக்க மாட்டேன்.

மிஸ்கால் என்பவர் ஒரு நகுதா, அதாவது கப்பலுக்கு உடைமையாளரும் அதன் வணிகத்துக்குப் பொறுப்பாளருமானவர். மொராக்கோப் பயணி இபின் பதூதா 1342 வாக்கில் கோழிக்கோட்டுக்கு வந்தபோது இவரைப் பற்றிக் குறிப்பிடுகிறார்: பெருஞ்செல்வர், இந்தியா, சீனம், ஏமன், பாரசீகம் ஆகிய நாடுகளோடு வாணிகம் செய்யப் பல கப்பல்களை வைத்திருப்பவர். அந்நேரம் துறைமுகத்தில் சீனக் கப்பல்கள் பதின்மூன்று நின்றிருந்தன. துறைமுகத் தலைவராக இருந்த ஷாபந்தர் இப்ராஹீம் பஹ்ரைன்காரர். வந்தவர்கள் சீனத்துக்குப் புறப்படக் காற்று திரும்ப வேண்டும் என்பதற்காக மூன்று மாதம் அங்கேயே தங்கியிருந்தார்கள்.

அந்த மூன்று மாதத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனி ஆடியில் நம் மேற்குக் கடற்கரை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாய்மரக் காலத்தில் காற்று திரும்பும் வரை ஆயிரக்கணக்கான வெளியூரார் கரையில் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குத் தொழ இடம் வேண்டும், குளிக்கக் குளம் வேண்டும், இறந்தால் அடக்க நிலம் வேண்டும், சரக்கை வைக்கப் பண்டசாலை வேண்டும். ஆண்டுதோறும் வந்து காத்திருப்பவன் ஒருநாள் பெண் கட்டுகிறான், பிறகு பள்ளி கட்டுகிறான். கோழிக்கோட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று இது. கொல்லத்தின் ஜும்ஆப் பள்ளியைப் புகழும் இபின் பதூதா, அதைக் கட்டியவர் குவாஜா முஹத்தப் என்ற வணிகர் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கொல்லம் அப்போது வேணாட்டின் நகரம், அதாவது நம் நாட்டின் நகரம்.

இன்னொன்று, மிஸ்கால் பள்ளிக்குச் சற்றுத் தள்ளி முச்சுந்திப் பள்ளி இருக்கிறது. அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று உண்டு. ஒரே கல்லில் இரண்டு மொழிகள். அரபுப் பகுதி சொல்வது இது: மஸ்ஊத் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஷிஹாபுத்தீன் ரைஹான் என்பவர், தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிப் பள்ளி கட்டி, தொழுகை நடத்தும் இமாமுக்கும் பாங்கு சொல்லும் முஅத்தினுக்கும் ஏற்பாடு செய்தார். அரசரும் இல்லை, கப்பல்காரரும் இல்லை. நேற்றுவரை இன்னொருவருக்கு உடைமையாக இருந்த மனிதர். இந்த இழையின் தலைப்பில் அவருக்கும் ஓர் இடம் தந்திருக்கலாம்.

வேணாட்டுச் சுவடி எழுதியது:

தேங்கைத்துறை காக்கா (அண்ணன்) கல்வெட்டின் பாதியைச் சொல்லிவிட்டு மறுபாதியை விட்டுவிட்டார். அந்தக் கல்லின் மற்றொரு பகுதி வட்டெழுத்தில் உள்ளது. நம் மாவட்டத்துக் கோயில்களில் வட்டெழுத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த எழுத்தின் சாயல் அந்நியமாகத் தெரியாது. பூந்துறைக்கோன், அதாவது சாமூதிரி, அந்தப் பள்ளியின் அன்றாடச் செலவுக்காக வருவாய் தரும் நிலத்தை ஒதுக்கிய ஆணை அது. கட்டியவர் ரைஹான் என்றால், அந்தக் கட்டடத்தில் நாள்தோறும் விளக்கு எரிவதற்கு வழி செய்தவர் அரசர். ஒருவரைப் புரவலர் என்று சொல்லி மற்றவரை விட்டுவிடுவது கல்லைப் பாதியாக உடைப்பதற்குச் சமம்.

வணிகர்கள் கட்டினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் அங்கே வந்து கட்டும்படியான நகரத்தை ஆக்கியது யார் என்பதே என் கேள்வி. ஹிராத்திலிருந்து ஷாருக் மன்னரின் தூதராக 1442 இல் வந்த அப்துர் ரசாக்குக்கு அந்த ஊர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆயினும் அவர் அங்குள்ள பாதுகாப்பைப் பற்றி வியந்து எழுதினார். வணிகர் சரக்கை இறக்கிக் கணக்குப் பார்க்காமலேயே கடைவீதியில் விட்டுவிடலாம், அரசின் ஆட்கள் இரவும் பகலும் காவல் காப்பார்கள், விற்றால் மட்டும் நாற்பதில் ஒரு பங்கு சுங்கம், விற்காவிட்டால் ஒன்றுமில்லை என்கிறார். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மிஸ்காலின் கப்பல்கள் வேறு துறைக்குப் போயிருக்கும், அவருடைய மரமும் கல்லும் வேறு ஊரில் நின்றிருக்கும்.

சாமூதிரி தாமே கட்டியதற்கும் சான்று இருக்கிறது. 1413 இல் புறப்பட்ட சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கடற்பயணத்தில் உடன் வந்த மா ஹுவான், அரசர் பித்தளையில் ஒரு திருவுருவை வார்த்துக் கோயில் எடுத்தார், பித்தளை ஓடுகளையும் வார்த்துப் பயன்படுத்தினார், பக்கத்தில் கிணறு தோண்டினார் என்று எழுதியிருக்கிறார். அவர் அதைப் புத்தர் கோயில் என்று நினைத்துக்கொண்டார். 1498 இல் வந்த வாஸ்கோ ட காமாவின் ஆட்களோ ஒரு கோயிலுக்குள் போய், அது மாதா கோயில் என்று நினைத்து மண்டியிட்டார்கள். வருகிறவர் அவரவர் ஊர்த் தெய்வத்தைக் கண்டுவிடுகிற நகரமாக அது இருந்திருக்கிறது.

கோட்டாற்றுக்காரன் எழுதியது:

ஐயா, ஒரு சிறு ஐயம். அப்துர் ரசாக் இரண்டு ஜும்ஆப் பள்ளிகளைச் சொல்கிறார். மா ஹுவானோ இருபது முப்பது பள்ளிகள் என்கிறார். முப்பது ஆண்டுக்குள் எண்ணிக்கை இவ்வளவு குறையுமா?

தேங்கைத்துறை எழுதியது:

குறையவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டுத்தொழுகை நடக்கும் ஜும்ஆப் பள்ளி வேறு, தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு பள்ளி வேறு. மிஸ்கால் கட்டியது முதல் வகை. சிறு பள்ளிகளைக் கட்டிய மற்றவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை, கணக்கு மட்டும் ஒரு சீனக்காரரின் ஏட்டில் தங்கியிருக்கிறது.

அயனிமரம் எழுதியது:

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மரவேலை செய்யும் குடும்பம், நான் மட்டும் படித்துவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டேன். அரசரா வணிகரா என்று நீங்கள் வழக்காடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு மூத்தாசாரியின் கண்ணோட்டத்தையும் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

கோட்டாற்றுக்காரர் சொன்ன கூரை ஒற்றுமை தற்செயலானது அன்று. கப்பல்காரர் ஏமனிலிருந்தோ பாரசீகத்திலிருந்தோ பணத்தைக் கொண்டுவரலாம், சிற்பியைக் கொண்டுவரவில்லை. உள்ளூர் ஆசாரியிடம்தான் முழக்கோல் இருந்தது. அவனுக்குத் தெரிந்த கூரை, மழைக்குத் தாங்கும் கூரை. உத்திரத்தின்மேல் கழுக்கோல்கள் என்னும் சாய்மரங்களைச் சாய்த்து, அவற்றின் குறுக்கே பட்டியல் சட்டங்களை அடித்து, அடைமழையின் நீர் சுவரில் படாமல் வெகுதூரம் தள்ளி விழுமாறு கூரை விளிம்பான இறவாரத்தை நீட்டும் முறை. கோயிலின் கூத்தம்பலத்துக்கும் அரண்மனைக்கும் பழங்குடும்பங்களின் தறவாட்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் கணக்கு ஒன்றுதான், உள்ளே நடக்கும் வழிபாடுதான் வேறு. தமக்குப் பழக்கமான குவிமாடத்தைக் கேட்காமல், ஆசாரி தந்ததை ஏற்றுக்கொண்ட அந்தப் புரவலர்களின் பக்குவத்தை நான் மதிக்கிறேன். கல்லில் குவிமாடம் கட்டச் சொல்லியிருந்தால் மலபார் மழையில் அது ஒழுகித்தான் போயிருக்கும் என்று என் தகப்பனார் சொல்வார். அவர் கொஞ்சம் பெருமைக்காரர், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். கல்லில் கட்டுபவரும் மரத்தில் கட்டுபவரும் ஒரே பொருளில் புரவலர்கள் அல்லர். சுசீந்திரத்தைப் பாருங்கள். கிழக்குக் கோபுரத்தின் கல் அடித்தளம் 1545 வாக்கில் தொடங்கப்பட்டது. மேல்நிலைகள் முடிந்தது 1888 இல். இடையில் 343 ஆண்டுகள். கருங்கல் என்பதால் அது மழையிலும் வெயிலிலும் அசையாமல் காத்துக்கொண்டு நின்றது, அடுத்த புரவலர் எப்போது வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோழிக்கோட்டில் அது நடக்காது. வெட்டுக்கல் சுவர் தாங்கும், வெட்டும்போது மண்போல் இளகியிருந்து காற்றுப் பட்டபின் இறுகுகிற கல் அது. ஆனால் மேலே இருக்கும் மரம் ஈரத்தாலும் கறையானாலும் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். ஓலை மேய்ந்த கூரையென்றால் ஆண்டுக்காண்டு மாற்ற வேண்டும், ஓட்டுக்கூரையென்றாலும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கழுக்கோல்களைத் தட்டிப் பார்த்து உளுத்ததைக் கழற்றிப் புதிதைச் செருக வேண்டும். மரக்கட்டடத்தில் நாற்பது ஆண்டு கவனிப்பாரில்லாமல் போனால் கட்டியவரின் பெயரும் கூரையோடு இறங்கிவிடும்.

ஆகவே முச்சுந்திக் கல்வெட்டில் சுவடி ஐயா சுட்டிக்காட்டிய அன்றாடச் செலவுக்கான நிலம் என்பதை நான் அருள்கொடை என்று மட்டும் படிக்கவில்லை. அந்த ஊரில் கட்டடம் எழுப்புவதில் பாதிதான் செலவு, நிற்கவைப்பதில் மறுபாதி என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

கடலோரம் எழுதியது:

அயனிமரம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஆனால் எல்லாரும் பெயர் தெரிந்த கொடையாளரைச் சுற்றியே பேசுகிறோம். எங்கள் கடற்கரை ஊர்களில் தேவாலயம் எழும்பிய விதத்தை இங்கே எழுதினால் வேறொரு வழி தெரியும். பிடிபட்டு வரும் மீனில் ஒரு பங்கு ஆலயத்துக்கு என்று குத்தகை இருந்தது. வள்ளக்காரர், கட்டுமரக்காரர், கரமடிக்காரர் எல்லாரும் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் பெண்கள் கடவத்தில் மணலும் கல்லும் சுமந்தார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும், கடவம் சுமந்தவர் பெயர் இருக்காது.

கோழிக்கோட்டிலும் சரக்கை ஏற்றி இறக்கிய துறைமுகத் தோணிக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆழமான துறை இல்லாத திறந்த கடற்கரை அது, கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, எல்லாச் சரக்கும் தோணியில்தான் கரைக்கு வர வேண்டும். அந்த ஏற்றிறக்கில் பிறந்த பணத்தில்தான் நகுதாவின் பள்ளி எழுந்தது.

கோட்டாற்றுக்காரன் எழுதியது:

இவ்வளவும் படித்தபின் ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது. நான் பார்த்த பள்ளி பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம்தானா? போர்த்துக்கீசியர் அதை எரித்தார்கள் என்று குளக்கரையில் ஒருவர் சொன்னார்.

தேங்கைத்துறை எழுதியது:

அவர் சொன்னது சரி. 1510 ஜனவரியில் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க்கும், மார்ஷல் பதவியோடு லிஸ்பனிலிருந்து வந்திருந்த கூட்டின்ஹோவும் கோழிக்கோட்டைத் தாக்கினார்கள். சாமூதிரி அப்போது ஊரில் இல்லை. அரண்மனையைக் கொள்ளையிட்டுக்கொண்டிருந்தபோது நாயர் படை திரும்பி மடக்க, கூட்டின்ஹோ அங்கேயே கொல்லப்பட்டார், அல்புகெர்க் காயத்தோடு தப்பினார். அதே நாளில்தான் பள்ளிக்கு நெருப்பு வைத்தார்கள். அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் தம் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்ற நூலில், நகுதா மிஸ்கால் கட்டிய ஜும்ஆப் பள்ளி எரிக்கப்பட்டது என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். மிஸ்காலின் பெயர் பிற்காலத்தார் ஒட்டவைத்ததன்று என்பதற்கு அது போதும்.

அடுத்து நடந்ததுதான் இந்த இழைக்கு முக்கியம். போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் கட்டிய கோட்டையை 1525 இல் அவர்களே தகர்த்துவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு 1531 இல் தெற்கே ஆற்றுமுகத்தில் உள்ள சாலியத்தில் புதிய கோட்டை எழுப்பினார்கள். அதற்குக் கல் எங்கிருந்து வந்தது? சாலியத்தில் இருந்த பழைய ஜும்ஆப் பள்ளியை இடித்து எடுத்தார்கள், கல்லறைகளின் கல்லையும் விடவில்லை. நாற்பது ஆண்டுகள் அந்தக் கோட்டை சாமூதிரியின் தொண்டையில் முள்ளாக இருந்தது. 1571 இல் அவர் படையும் அவருடைய கடற்படைத் தலைவர்களான மரைக்காயர்களும் சேர்ந்து முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அதைத் தங்கள் கோட்டையாக வைத்துக்கொள்ளவில்லை. அடியோடு பிரித்தார்கள். கல்லிலும் மரத்திலும் பெரும்பகுதியைக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோனார்கள், மீதியை இடிக்கப்பட்ட சாலியம் பள்ளியைத் திரும்பக் கட்ட விட்டுவைத்தார்கள். எரிந்த மிஸ்கால் பள்ளியைப் புதுக்கியபோது சாலியம் கோட்டையின் மரமும் அதில் சேர்ந்தது.

பள்ளியின் கல் கோட்டையாயிற்று, கோட்டை திரும்பவும் பள்ளியாயிற்று. சுவடி ஐயா கேட்ட கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. முதல் பள்ளி கப்பல்காரர் ஒருவரின் பணம். இரண்டாம் பள்ளியில் சாமூதிரியின் போர்வெற்றியும் மரைக்காயர்களின் கடற்படையும் ஊராரின் உழைப்பும் கலந்திருக்கின்றன. ஆனாலும் பெயர் மாறவில்லை. இன்றும் மிஸ்கால் பள்ளிதான்.

வேணாட்டுச் சுவடி எழுதியது:

காக்கா, இதற்கு மேல் நான் அரசர் பக்கம் மட்டும் நின்று வாதாடுவது அழகன்று. நான் முன்பு எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். புரவலர் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு பேரை அடைத்துவிட்டோம்: மண் தந்தவர், பொருள் தந்தவர், கட்டியவர், பேணியவர். கோழிக்கோட்டில் இந்த நால்வரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். நம் கோயில்களில் அரசரின் பெயர் மற்ற மூவரையும் விழுங்கிவிடுகிறது. சுசீந்திரத்தில் ஊராரும் கோயில் சபையாரும் தந்த கொடைகளும் கல்வெட்டுகளில் உண்டு, ஆனால் வழிகாட்டி சொல்லும் கதையில் அவை வருவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அயனிமரம் குறிப்பிட்ட 1545 கோபுர அடித்தளத்தோடு பேசப்படும் பெயர் விட்டலருடையது. அவர் வேணாட்டவர் அல்லர். விசயநகரப் படையோடு தெற்கே வந்தவர். திருவிதாங்கூரை அடக்கக் கன்னியாகுமரி வரை வந்த தளபதி, வந்த இடத்தின் பெருங்கோயிலில், நாஞ்சில் நாட்டார் எல்லாரும் தொலைவிலிருந்தே பார்க்கும் அளவுக்குப் பெரிய கோபுரத்துக்குக் கால்கோள் இடுகிறார். உள்ளூர் அரசர்கள் அதுவரை எழுப்பியவை உட்புற மண்டபங்கள்தாம். வெளியிலிருந்து வந்தவருக்கு உயரம் தேவைப்பட்டது. மிஸ்காலுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பரம்பரை நிலமோ தறவாடோ இல்லாத ஊரில், கடலிலிருந்து வருகிறவன் கண்ணில் முதலில் படும்படி பல நிலைகளை எழுப்பிவிட்டால், யார் வீட்டான் என்று பிறகு எவரும் கேட்க மாட்டார்கள். ரைஹானுக்கு அந்தத் தேவை இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். அடிமையாக இருந்தவரின் பெயர் கல்லில் ஏறுகிறது, அவரை உடைமையாக வைத்திருந்தவரோ அந்தக் கல்லில் இவருடைய அடையாளத்தைச் சொல்வதற்காக மட்டுமே வருகிறார்.

விட்டலரின் படை திரும்பிப் போய்விட்டது, அடித்தளம் மூன்று நூற்றாண்டுக்கு மேல் மொட்டையாக நின்றது. மிஸ்காலின் கப்பல்களும் போய்விட்டன, ஆனால் அவர் கட்டிய பள்ளி எரிந்தபின்னும் எழுந்தது. வேறுபாடு எங்கே என்று கேட்டால், குற்றிச்சிறக் குளத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களைத்தான் காட்டுவேன். அந்தப் பள்ளி இல்லாமல் அவர்களுடைய வெள்ளிக்கிழமை நடக்காது. சுசீந்திரத்தில் கோபுரம் முடியாவிட்டாலும் உள்ளே பூசை குறைவின்றி நடந்தது.

கடலோரம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் நால்வரோடு ஐந்தாமவரையும் சேர்க்க வேண்டும்: சுமந்தவர். சாலியத்திலிருந்து அவ்வளவு கல்லும் மரமும் கோழிக்கோட்டுக்கு நடந்து வந்திருக்காது.

வேணாட்டுச் சுவடி எழுதியது:

சேர்த்துக்கொள்கிறேன். ஐவர்.

கோட்டாற்றுக்காரன் எழுதியது:

அயனிமரம் அண்ணன், கோட்டையில் இருந்த மரத்தைக் கழற்றி இன்னொரு கட்டடத்தில் சேர்ப்பது நடைமுறையில் முடியுமா? வேறு அளவுக்கு வெட்டிய மரம் அல்லவா?

அயனிமரம் எழுதியது:

முடியும். இது தெரியாமல்தான் பலர் பழைய மரவீட்டை இடிக்கிறார்கள், பிரிப்பதில்லை. நம் பக்கத்து அறைப்புரை வீடுகளில், அதாவது மரத்தால் கட்டிய பழைய வீடுகளில், ஆணி மிகக் குறைவு. துளையும் குடுமியுமாகச் செருகி ஆப்படித்து இறுக்கியிருப்பார்கள். ஆப்பைத் தட்டி எடுத்தால் உத்திரம், தூண், மச்சுப் பலகை எல்லாம் முழுசாகக் கழன்று வரும். நீளமான மரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், குறைந்ததை நீட்டத்தான் முடியாது. கோட்டைக்கு வெட்டிய உத்திரம் கனமாகவே இருந்திருக்கும், ஆகையால் ஆசாரிக்கு அது வரவே தவிர இழப்பு அன்று. தேக்கோ அயனியோ என்றால் நாற்பது ஆண்டில் நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கும், புது மரத்தைவிட மேலானது.

நீங்கள் கேட்ட பிறகு நேற்று மாலை தகப்பனாரை அழைத்துக்கொண்டு, எங்கள் உறவினர் ஒருவரின் பழைய அறைப்புரை வீட்டுக்குப் போய் மச்சின்மேல் ஏறிப் பார்த்தேன். கழுக்கோல்களின் மேல்நுனியில், முகட்டோடு சேரும் இடத்தில், உளியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, ஐந்துக்குச் சாய்கோடு என்று வரிசை போகிறது. எதிர்ப்பக்கக் கழுக்கோலில் அதே எண்ணிக்கையோடு கூடுதலாக ஒரு புள்ளி. அந்த வீட்டை வேறோர் ஊரில் பிரித்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே கூட்டினார்கள் என்றும், பிரிக்கும்போது போட்ட அடையாளம் இது என்றும் தகப்பனார் சொன்னார். முதலில் கட்டியவர் யார் என்று கேட்டேன், தெரியாது என்றார். ஆனால் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, வடக்குச் சரிவில் ஏழாவது கழுக்கோல் மட்டும் பலா, மற்றதெல்லாம் அயனி, அந்த ஒன்றை மாற்றியது தம் அப்பா என்றார். அதில் கோடு எதுவும் இல்லை.